மெனோபாஸ், அதாவது பீரியட்ஸ் நிக்குற நேரத்துல ஹார்மோன் மருந்து எடுக்கலாமா, இல்ல நாட்டு மருந்தே போதுமா?

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு 48 வயசு, ராத்திரி நைட்டி நனைஞ்சு எழும்புறாங்க, ஹார்மோன் எடுத்தா கேன்சர் வரும்னு மாமியார் சொல்றாங்களாம். நான் டாக்டர் ஒண்ணும் இல்ல, திங்கள்சந்தை பக்கம் வீட்டோட தையல் கடை வச்சிருக்கேன், இப்ப 52 ஆவுது. ரெண்டு பக்கமும் போய் வந்தவ, அதனாலதான் எழுதுறேன்.

எனக்கு இது தெரிஞ்சதே ஒரு கல்யாணப் பிளவுஸ்லயாக்கும். பட்டுத்துணி, கையில முழுக்க ஆரி ஒர்க், மறுநாள் முகூர்த்தம், கடைசி கொக்கி வச்சிட்டு இருக்கேன், நெஞ்சுல இருந்து கழுத்து காது வரைக்கும் சட்டுனு ஒரு கொதிப்பு ஏறி நெத்தியில இருந்து ஒரு சொட்டு நேரா பட்டு மேல விழுந்துட்டு. பட்டுல தண்ணி பட்டா வட்டமா தடம் நிக்கும்ல, அதை மறைக்க ராத்திரி ஒரு மணிக்கு இருந்து நாலு முத்து கூடுதலா வச்சு தைச்சேன். அயர்ன் பாக்ஸ் சூடுன்னுதான் அப்ப நினைச்சேன். அப்புறம் ஃபேனுக்கு நேர இருந்தாலும் வருது, மார்கழி குளிர்லயும் வருது. ஒறக்கம் போச்சு, பகல்ல ஒரே சீணம், ஒண்ணும் இல்லாததுக்கு எல்லாம் வெப்ராளம், மக கிட்ட எரிஞ்சு விழுவேன்.

ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனேன். ரெண்டு நிமிஷம் கூட இல்ல, "இந்த வயசுல இது எல்லாருக்கும் உள்ளதுதான், பொறுத்துக்கோங்க" னு வைட்டமின் மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. செரின்னு வீட்டு வைத்தியம் தொடங்குனேன். வெந்தயம் ஊறப்போட்டு குடிச்சேன், உளுந்தங்களி கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு கிண்டி தின்னேன், மயினி தந்த தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் ரெண்டு டப்பா, அப்புறம் ஒரு ஆள் வீடு வீடா வந்து வித்த பேர் கூட ஒட்டாத ஒரு பொடி. முதல் மாசம் நல்லா குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ரெண்டாம் மாசம் பழைய கதை. பின்னாடிதான் தெரியும், ஆராய்ச்சியில மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்தா கூட நிறைய பேருக்கு இந்தக் கொதிப்பு கொஞ்ச நாள் குறையுமாம். இப்படியே ஒரு வருஷம் போச்சு எனக்கு.

என்னை வழிக்குக் கொண்டு வந்தது ஒரு வைத்தியர்தான். எங்க சொந்தத்துல பெரியவர், பரம்பரையா வைத்தியம் பாக்குறவரு. பொடியை மோந்து பாத்துட்டு, "இதுல என்ன கிடக்குன்னு எனக்கே தெரியல, நீ தின்னுட்டு இருக்கியா பிள்ளே, முதல்ல போய் ஸ்கேன் எடு, தைராய்டு பாரு, நல்ல லேடி டாக்டரா பாத்து பேசு" ன்னாரு. அவர் சொன்னது செரிதான், தைராய்டு கூடுனாலும் இதே மாதிரி வேர்வையும் படபடப்பும் வரும்.

அந்த லேடி டாக்டர் நாகர்கோவில்ல, அரை மணி நேரம் பேசுனாங்க. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளை ஹார்மோன் குறையும்போது மூளையில உடம்பு சூட்டைப் பாக்குற இடம் ரொம்ப தொட்டாசிணுங்கி ஆயிருமாம், லேசா சூடு கூடுனாலே "ஐயோ கொதிக்குது" ன்னு வேர்வையைத் திறந்து விட்டுரும். எனக்கு உடனே புரிஞ்சிட்டு, எங்க பழைய அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் அப்படித்தான், வச்ச உடனே கட் ஆவும்.

கேன்சர் பயம் எங்க இருந்து வந்ததுன்னும் சொன்னாங்க. 2002ல அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு பெரிய ஆய்வு, அதுல ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதுன்னு பாதியில நிறுத்துனாங்க. எவ்வளவு கூடிச்சுன்னு கேட்டா, வருஷத்துக்கு 10,000 பேருல 8 பேர் கூடுதல். அதுவும் அதுல இருந்த பொம்பளைங்க சராசரி வயசு 63, பீரியட்ஸ் நின்னு பல வருஷம் ஆனவங்க. இப்ப டாக்டர்மார் சொல்றது, 60க்கு உள்ள, இல்லன்னா நின்னு 10 வருஷத்துக்குள்ள தொடங்குனா, வேற சீக்கு இல்லாதவங்களுக்கு பெரும்பாலும் நன்மைதான் கூடுதல்னு. இன்னொரு கூத்து கேளுங்க, அந்த ஆய்வுல கொடுத்த ஈஸ்ட்ரோஜன் சினையா இருக்க குதிரை மூத்திரத்துல இருந்து எடுக்குறது. இயற்கைன்னா அதுவும் இயற்கைதானே!

எனக்கு கர்ப்பப்பை இருக்கு, அதனால ஈஸ்ட்ரோஜன் மட்டும் தர மாட்டாங்க, உள்சுவர் தடிச்சு அங்க கேன்சர் வரலாம்னு ராத்திரிக்கு புரோஜெஸ்ட்ரோன் கேப்சூலும் சேர்த்துதான். ஈஸ்ட்ரோஜன் எனக்கு ஜெல்லா தந்தாங்க, கையில தேய்க்கணும், மாத்திரையை விட ரத்தம் கட்டுற ஆபத்து குறைவாம். அதுக்கு முன்னாடி மேமோகிராம், ஸ்கேன், பிபி, சுகர் எல்லாம் பாத்தாச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் காலையில எழும்பி பாத்தா தலையணை காய்ஞ்சு கிடக்கு, சத்தியமா அழுதுட்டேன். முதல் ரெண்டு மாசம் மார்பு வலியும் அங்கங்க லேசா ரத்தப்பாடும் இருந்துச்சு, பிறகு நின்னுட்டு.

மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக், கால்ல ரத்தக்கட்டு வந்தவங்க, ஈரல் சீக்கு உள்ளவங்களுக்கு இது ஆவாது. அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத இங்கிலீஷ் மருந்தும் உண்டு, மனச்சோர்வுக்குத் தர்ற சில மாத்திரையையே குறைஞ்ச டோஸ்ல தருவாங்க, பைத்தியத்துக்குத் தந்துட்டாங்கன்னு பயப்படாதீங்க. கீழ வறட்சி, எரிச்சல் மட்டும்தான் பிரச்சினைன்னா அங்க மட்டும் போடுற கிரீம் இருக்கு, உடம்புல ரொம்ப ஏறாது. இதை எங்க ஊர்ல யாரும் வாய் திறந்து கேக்க மாட்டாங்க, நீங்க கேளுங்க.

நாட்டுச் சாப்பாட்டை நான் விடல. உளுந்தங்களி, எள்ளு, முள்ளோட தின்னுற சாளை மீன் எல்லாம் எலும்புக்கு கொள்ளாம், ஆனா கொதிப்பை நிறுத்தாது. சோயா சிலருக்கு கொஞ்சம் கேக்கும். அஸ்வகந்தா மட்டும் டாக்டர் கிட்ட கேக்காம வாங்கித் தின்னாதீங்க, சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கு.

எங்க அம்மாவுக்கு 39 வயசுல கர்ப்பப்பையை எடுத்தாங்க, ஈஸ்ட்ரோஜன் சுரக்குற சினைப்பையும் சேர்த்து எடுத்தது எங்களுக்கு யாரும் சொல்லல. நடுராத்திரி கெணத்தடியில நின்னு வாளி வாளியா தண்ணி கோரி தலையில ஊத்துவாங்க, அக்கம்பக்கத்துல பேய்னு சொன்னாங்க, மண்டைக்காட்டு அம்மன் கோவில்ல நேர்ச்சை எல்லாம் வச்சோம். அவ்வளவு சின்ன வயசுல சினைப்பை போனவங்களுக்கு, தடை ஒண்ணும் இல்லன்னா, 50 வயசு வரைக்காவது ஹார்மோன் கொடுக்குறதுதான் முறைன்னு என் டாக்டர் சொன்னப்ப எனக்கு பேச்சே வரல. 64 வயசுல அம்மா குளிமுறியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிட்டு, எலும்பு அவ்வளவு கரைஞ்சிருந்துச்சு.

அதனால தங்கச்சி, ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருந்தா டிஸ்சார்ஜ் பேப்பரைத் தேடி எடுத்துட்டு போங்க. பீரியட்ஸ் ஒரு வருஷம் முழுசா நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் களி கிண்டிட்டு இருக்காம அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. ஜெல் தேய்ச்சா காயுற வரை துணி படக் கூடாது, நான் முதல் நாளே ஒரு கஸ்டமர் பிளவுஸ்ல ஒட்டிட்டேன்.