கூட்டம் இருந்தும் ஏன் யாரும் உதவ வரவில்லை? கோலாலம்பூர்க்காரர்களுக்கு மனசாட்சியே இல்லையா?

ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்தேன், அத்தனை பேரும் தாண்டிப் போனார்கள், சமூக உளவியல் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டி வலியைவிட அந்த அவமானம்தான் உங்களை அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

யாராவது எப்படியும் எடுத்துப் போடப்போகிற கணக்கை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். ராபர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உலகின் 23 பெரிய நகரங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பேனாவைத் தவறவிட்டுப் போவது, கால் அடிபட்டவர்போலப் பத்திரிகைகளைக் கீழே போடுவது, பார்வையற்றவர்போலச் சாலையைக் கடக்க நிற்பது. 2001-இல் முடிவு வெளிவந்தது. ரியோ டி ஜெனிரோவில் 93 சதவீதம் உதவி கிடைத்தது. கடைசி இடம் கோலாலம்பூர், 40 சதவீதம். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவார். எனக்கு எரியும். ஏனென்றால் இதே ஊர்க்காரர்கள் இன்னொரு விதமாக நடந்துகொண்டதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊர்க் கடைத்தெருவான மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டம். எதிரே ஐந்தடியில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பை கவிழ்ந்து வெங்காயம் உருண்டது. வருகிறவர்கள் வெங்காயத்தை மிதிக்காமல் கால் மாற்றி வைத்து நடந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கணம் அவரைப் பார்ப்பார்கள், அடுத்து பக்கத்தில் வருகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள், அந்த முகத்தில் ஒரு பதற்றமும் இருக்காது, போய்விடுவார்கள். "மாபோக் லா" என்று ஒரு பையன் சொன்னது என் காதில் விழுந்தது. குடித்திருக்கிறாராம். பின்னாலேயே வந்த நம் தமிழ் ஆள் ஒருவரும் "நம்ம ஆளுதானே, தண்ணி போட்டிருப்பான்" என்றார்.

இறங்கிப் போனேன். சாராய வாடையே இல்லை. சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை இறங்கினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் பதில் சொன்னார், விழுங்கவும் முடிந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தாமல் ஒரு தம்பியை நேராகக் கைகாட்டி, "நீல சட்டை தம்பி, 999-க்கு அடிங்க" என்றேன். பூக்கடை அக்காவிடம், "அக்கா, இனிப்பா ஒரு சிராப் தண்ணி கொண்டாங்க" என்றேன். அவ்வளவுதான். ஒரு மலாய்க்கார அம்மா தரையில் உட்கார்ந்து தன் கைப்பையை அவர் தலைக்கு வைத்தார். சீன அங்கிள் ஒருவர் பத்திரிகையால் விசிறினார். சற்றுமுன் "தண்ணி போட்டிருப்பான்" என்ற அதே மனிதர் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் பெரிய ஆள் என்று காட்ட இதை எழுதவில்லை. அம்மாவுக்கு அந்த நோய் இல்லையென்றால் எனக்கும் புரிந்திருக்காது.

என் மகள் உளவியல் படிக்கிறாள், அவளுடைய புத்தகங்களில்தான் இதற்கு விளக்கம் கிடைத்தது. லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு. தனி அறையில் இருப்பவருக்கு, வேறொருவர் வலிப்பு வந்து திணறுகிற சத்தம் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்கும். கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தச் சத்தம் அடங்குமுன்பே உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்களில் பலருக்கும் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. கல்நெஞ்சுக்காரர்களுக்கு அப்படி ஆகுமா? பொறுப்பு பலர்மேல் பிரிந்துவிடுகிறது. தெருவில் என்றால், அடுத்தவர் சும்மா இருப்பதையும் பார்த்து ஆபத்து இல்லை போலும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த "மாபோக்" விஷயத்துக்கும் ஆய்வு இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் ஆள் விழுவதுபோல் நடித்துப் பார்த்தார்கள், பிலியாவின் (Piliavin) என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், 1969. கைத்தடியோடு விழுந்தவருக்கு 65 தடவையில் 62 தடவை கேட்காமலே உதவி வந்தது. மதுவாடையோடு விழுந்தவருக்கு 38-இல் 19. நம் இனத்து ஆண் ஒருவர் தரையில் கிடந்தால் குடிகாரர் என்றே முதலில் நினைப்பு ஓடுகிறது, நமக்குள்ளேயே ஓடுகிறது. இது ஒரு உயிரை வாங்கும். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

வழிப்பறிக்காரன் நாடகம் போடுவான், அதனால்தான் யாரும் நிற்பதில்லை என்று கீழே சிலர் எழுதுவீர்கள். சரிதான், இருட்டில் தனியாக இருந்தால் நானும் யோசிப்பேன். பட்டப்பகலில் நூறு பேர் நடுவில் என்ன பயம்? பார்வையற்றவர்மேல் அக்கறை என்று பேசுகிற பலர், இங்கே பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் தடவி நடப்பதற்காக நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகள்மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் "அஞ்சு நிமிஷம்தான் பிரதர்" என்பார்கள். அதற்குமா திருடன் பயம்?

இன்னொரு தடவை அப்படி நேர்ந்தால் "யாராவது வாங்களேன்" என்று பொதுவாகக் கூப்பிடாதீர்கள். ஒருவர் கண்ணைப் பார்த்து, "சிவப்பு சட்டை அண்ணே, கை கொடுங்க" என்று கேளுங்கள். மலாய்க்காரர் என்றால் "பாங், பாஜு மேரா, தோலோங்". என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், தூக்கிவிடணுமா, வீட்டுக்கு போன் போடணுமா என்று. முட்டியில் இன்னும் வீக்கம் இருந்தால் கிளினிக்கில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.