எண் 4 போட்டிருந்தால் மட்டமான பிளாஸ்டிக்கா?

கேள்வி: ஒரு டப்பாவும், அழுத்திப் பிழியும் பாட்டில் ஒன்றும் வாங்கினேன். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றும், பாட்டிலில் 4 என்றும் இருக்கிறது. இரண்டுமே பாலிஎத்திலீன்தான் என்கிறார் விற்றவர். டப்பா கெட்டியாக இருக்கிறது, பாட்டிலோ தொளதொளவென்று இருக்கிறது. 4 என்றால் மட்டமான சரக்கா? அப்புறம், 'இயற்கை இழை' என்று சொல்லித் தந்த சட்டையின் லேபிளில் விஸ்கோஸ் என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? வாணலியின் கறுப்புக் கைப்பிடி வேறு உடைந்துவிட்டது. சூடாக்கி ஒட்டலாமா?

பதில்: மட்டமில்லை. விற்றவர் சொன்னது சரிதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலிதான் பாலிமர், அதாவது பலபடி. உங்கள் டப்பாவிலும் பாட்டிலிலும் கோத்திருப்பது அதே எத்திலீன்தான். 2-இல் சங்கிலிகள் பெரும்பாலும் கிளையில்லாமல் நேராக ஓடும். கட்டிவைத்த விறகுபோல நெருங்கிப் படிவதால் பொருள் கெட்டியாகிறது. 4-இல் பக்கக் கிளைகள் நிறைய. முள்விறகைக் கட்டிப் பாருங்கள், எப்படி அமுக்கினாலும் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் உங்கள் கைக்குத் தொளதொளப்பாகத் தெரிகிறது. பிழிகிற பாட்டிலுக்கு அதுதான் வேண்டும்.

சூட்டில்தான் கவனம் தேவை. 2 சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகும், 4 சுமார் 110-இல். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும் என்பதால் கொதிநீரை 4-இல் ஊற்றாதீர்கள். சூடு தாங்க வேண்டுமானால் 5 என்ற எண்ணைத் தேடுங்கள். அது பாலிபுரொப்பிலீன், சுமார் 160 டிகிரி வரை உருகாது. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த எண்கள் தரச் சான்று அல்ல. பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டும்தான் சொல்லும். உணவு வைக்கலாமா என்பதை லேபிளில் தனியாகப் பாருங்கள்.

சட்டை விஷயத்தில் உங்களிடம் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விஸ்கோஸின் சங்கிலி செல்லுலோஸ். பருத்தியில் இருப்பதும் அதே இயற்கைப் பலபடிதான். ஆனால் இழையைச் செடி தரவில்லை. மரக்கூழை ரசாயனங்களில் கரைத்து, நுண்துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சி, ஆலையில் இழையாக்குகிறார்கள். 1892-லேயே வந்த முறை இது. பாலியஸ்டர் போல முழுச் செயற்கை இல்லை என்பதால் வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் நனைந்தால் வலு வெகுவாகக் குறைந்துவிடும், முறுக்கிப் பிழியாதீர்கள். உள்தையலில் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, காகிதம்போல எரிந்து சாம்பலானால் செல்லுலோஸ் என்று தெரியும். உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அது பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தியையும் விஸ்கோஸையும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது, அதற்கு லேபிள்தான் வழி.

கைப்பிடியைச் சூடாக்க வேண்டாம். அது பெரும்பாலும் பேக்கலைட் வகை. அதில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிட்டதால் உருகாது, கருகத்தான் செய்யும். ஒட்டுப்பசையை நம்பிச் சூடான வாணலியைத் தூக்குவதும் ஆபத்து. அதே அளவில் புதுக் கைப்பிடி வாங்கித் திருகிக்கொள்ளுங்கள்.