முதலாளியின் பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கையில் வருவது 31,000 ரூபாய். மனைவி வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பதில் 6,000 வரும். இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. எல்லாச் செலவும் போக மாதம் 7,500 மிஞ்சுகிறது. வங்கியில் 1,60,000 இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மாதம் இரண்டு முறை கோரிப்பாளையம் பக்கம் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்வர, ஒரு தடவைக்கு 700 ரூபாய் ஆகிறது. ஆட்டோவில் ஏறி இறங்கவே சிரமப்படுகிறார். மாதம் ஒருமுறை உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊருக்கும் போக வேண்டும். முதலாளி தன்னுடைய 2014 ஆல்டோ 800 காரை 1,75,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முதலில் 75,000 கொடுத்தால் போதும், மிச்சத்தைச் சம்பளத்தில் மாதம் 5,000 பிடித்துக்கொள்வார், வட்டி கிடையாது, பணம் முடிந்ததும் பெயர் மாற்றித் தருவார். மச்சானோ, "ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, ஐந்து லட்சம் லோன் போட்டுப் புதுசாகவே எடு, சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் இஎம்ஐ வந்துவிடும்" என்கிறான். மனைவி தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறாள். எது சரி?
– ஒரு வாசகர், திருநகர்

பதில்: வணக்கம். கார் வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம், முதலாளி சொல்லும் இந்த ஏற்பாட்டிலும் வேண்டாம். ஒரு வருடம் பொறுத்து, முழுப் பணத்தையும் கொடுத்து வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 1,75,000 இருக்கிறது, 75,000 இருக்கிறது, 5,000 இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கார் மாதாமாதம் எவ்வளவு கேட்கும் என்பது மட்டும் எங்கும் இல்லை. பழைய கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். அதனால் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

மருத்துவமனைக்கு இரண்டு தடவை, ஊருக்கு ஒரு தடவை, அப்புறம் கோயில், கல்யாணம், காதுகுத்து. எல்லாம் சேர்த்து மாதம் 250 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கார் காகிதத்தில் லிட்டருக்கு 22 கி.மீ. தரும். பழங்காநத்தத்திலும் பெரியார் நிலையம் பக்கமும் முதல் கியரில் ஊர்ந்து, ஏசியும் போட்டால் 15 கிடைக்கும். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் போய் நாளாகிவிட்டது. ஆக, மாதம் 1,700. வருடத்துக்கு 20,400.

இன்சூரன்ஸ் சுமார் 6,000. வருடம் ஒரு முறை ஆயில், ஃபில்டர் மாற்றி சர்வீஸ் செய்ய, வெளி மெக்கானிக்கிடம் 5,000. நான்கு டயரும் மாற்ற 12,000 போல ஆகும், ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 2,500. பேட்டரிக்கு அதே மாதிரி 1,200. புகைச் சான்று, பஞ்சர், தண்ணீர் சர்வீஸ், பார்க்கிங் என்று 2,000. கடைசியாக, என்ன என்று இப்போது சொல்ல முடியாத செலவு ஒன்று: ஒரு வருடம் கிளட்ச், ஒரு வருடம் சஸ்பென்ஷன், ஒரு வருடம் ஏசி கேஸ். பத்து வயது தாண்டிய காருக்கு வருடம் 8,000 இதற்காக ஒதுக்காமல் இருக்கவே கூடாது. பெட்ரோலோடு சேர்த்துக் கூட்டினால் 45,100, அதாவது மாதம் சுமார் 3,750.

இன்னும் ஒன்று பாக்கி. சொந்தக் காருக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருடம்தான். 2014 வண்டிக்கு 2029-ல் முடிந்துவிடும். டெல்லியில் கொண்டுவந்ததுபோல அதற்கு மேல் ஓட்டக்கூடாது என்ற தடை நம் ஊரில் இல்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, நல்ல நிலையில் இருந்தால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 5,000. அதோடு பசுமை வரி உண்டு, காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயின்ட் வேலையும் வரும். 20,000 கையில் இருந்தால் நிம்மதி. அதற்காக மாதம் 550 சேர்த்தால் மொத்தம் 4,300 ரூபாய்.

இப்போது முதலாளியின் ஏற்பாட்டைப் பாருங்கள். பிடித்தம் 5,000, கார் கேட்பது 4,300. ஆட்டோவுக்குப் போகும் 1,400 மிச்சம் என்று கழித்துக்கொண்டாலும் 7,900. உங்களிடம் மிஞ்சுவது 7,500. இருபது மாதமும் ஒவ்வொரு மாதமும் 400 ரூபாய் துண்டு விழும். நடுவில் ஒரு தீபாவளி வரும், ஜூனில் பள்ளி திறக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். வங்கியிலும் 85,000-தான் மீதி இருக்கும்.

அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வட்டியில்லாமல் யார் தருவார்கள்? ஆனாலும் இருபது மாதம் வண்டி அவர் பெயரில் இருப்பது உங்கள் இருவருக்குமே ஆபத்து. விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு வந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதனால் மாட்டிக்கொள்வது அவர். உங்களுக்கோ, காருக்குச் சேதம் என்றால் இன்சூரன்ஸ் பணம் உங்கள் கைக்கு வராது. பாலிசியோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வரும். அதுவும் ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான். ஓட்டுவது நீங்கள், காப்பு அவருக்கு என்றால் உங்கள் பிள்ளைகளின் நிலைமை என்ன? இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடைசியாக ஒன்று: அந்த இருபது மாதத்துக்குள் வேறு அச்சகத்தில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டால் உங்களால் போக முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

மச்சான் சொல்வதில் ஒரு பாதி உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலையும் குறைந்தது. ஆனால் ஐந்து லட்சத்தை ஒன்பதரை சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 8,170 ரூபாய். நீங்கள் மிச்சப்படுத்தும் மொத்தப் பணத்தையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். வட்டியாக மட்டும் 1,86,000 போகும், முதலாளியின் கார் விலையை விட அதிகம். வாடகைக்கு விடும் பேச்சை இன்றோடு மறந்துவிடுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. அந்த நேரத்தில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும்.

உங்கள் மனைவியின் மனசு பெரிது. ஆனால் அந்தச் சங்கிலி, அம்மாவுக்கு ஒரு நாள் மூட்டு அறுவை சிகிச்சை என்று சொன்னால் எடுக்க வேண்டியது. காருக்காக அது வெளியே போக வேண்டாம்.

சரி, அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? வங்கியில் இருக்கும் 1,60,000-ல் 90,000-ஐத் தொடவே கூடாது. அது உங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு. மீதி 70,000 காருக்கு. மாதம் 7,500-ஐ வங்கியில் ஒரு வருட ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில், போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 90,000. ஆக, 1,60,000 கையில் இருக்கும். அதில் காருக்கு 1,45,000, முதல் மாதச் செலவுகளுக்கு 15,000. இந்த ஒரு வருடம் ஒத்திகையும்கூட. மாதம் 7,500-ஐ விடாமல் போட முடிந்தால், கார் கேட்கும் 4,300-ஐயும் உங்களால் கொடுக்க முடியும். நான்காவது மாதமே ஆர்டியை உடைக்க வேண்டி வந்தால், கார் வருவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை.

அம்மா அதுவரை ஆட்டோவில் கஷ்டப்பட வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும் அந்த இரண்டு நாளும் கால் டாக்ஸி பிடியுங்கள். தடவைக்கு நூறோ இருநூறோ கூட ஆனாலும் பரவாயில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: கார் வாங்குவதால் பணம் மிச்சமாகாது. ஆட்டோவுக்கு 1,400, காருக்கு 4,300. கூடுதலாகப் போகும் 2,900 ரூபாய், அம்மா நிம்மதியாக உட்கார்ந்து போவதற்கும், சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடக் குடும்பமே ஒன்றாகப் போவதற்கும் நீங்கள் கொடுக்கும் விலை. உங்களால் முடிந்தால் அது தாராளமாகக் கொடுக்க வேண்டிய விலைதான்.

முதலாளி ஒரு வருடம் பொறுப்பாரா என்று கேளுங்கள். பொறுத்தால், வண்டிக்கு ஒரு வயது கூடியிருக்கும், ஆர்சியும் முடிவை நெருங்கியிருக்கும். அதைச் சொல்லி 1,45,000-க்கு முடியுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். ஆல்டோ மதுரையில் கிடைக்காத வண்டி இல்லை. அடுத்த வருடம் இதே பணத்துக்கு 2016, 2017 மாடல் மாட்டினால் இன்னும் நல்லது.

யாரிடம் வாங்கினாலும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்து அழைத்துப் போங்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அடியில் துரு, டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது, பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களின் நிலை, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 2014 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறு வயதான டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன், அபராதம், இன்சூரன்ஸ் தேதி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பணம் கொடுக்கும் நாளிலேயே படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயர் மாற்ற அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி கட்டும் பிரீமியத்தைப் பார்த்து உங்களுக்கும் அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். பல வருடம் கிளைம் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் வரை போகும். அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால், 1000 சிசிக்குள் உள்ள காருக்கு 2022-ல் நிர்ணயித்த தொகை 2,094 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி. உங்கள் நிலைமையில் முதல் இரண்டு வருடமாவது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்தே எடுங்கள். புதிதாக ஓட்டப் போகிறீர்கள், சந்தில் உரசாமல் இருக்காது.

வண்டியை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். திருநகரிலிருந்து சிம்மக்கல் போய்வர நாளைக்கு 20 கி.மீ., மாதம் 500. பெட்ரோலுக்கு மட்டும் 3,400 கூடும், நிறுத்த இடமும் கிடைக்காது. பைக் இருக்கட்டும். அதற்காக வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தியும் வைக்காதீர்கள். என்னிடம் இருந்த சின்னக் கார் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்றதில், எலி உள்ளே புகுந்து வயரைக் கடித்துவிட்டது. பேட்டரியும் போய், 7,000 ரூபாய் செலவானது. வாரம் ஒரு நாள் பத்து கி.மீ. ஓட்டினால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் கூலன்ட் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். டயருக்குக் காற்று மாதம் இரண்டு முறை.

கடைசியாக ஒரு கேள்வி. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது வேலை நாளில், காலை நேரத்தில்தானே? அப்போது நீங்கள் அச்சகத்தில் இருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு எடுத்தால் அதுவும் கார் செலவுதான். உங்கள் கடிதத்தில் காரை யார் ஓட்டுவது என்றே இல்லை. இந்த ஒரு வருடத்தில் நீங்களும் உங்கள் மனைவியும், இருவருமே, கார் ஓட்டக் கற்று உரிமம் எடுத்துவிடுங்கள். எல்எல்ஆர் எடுத்து முப்பது நாளில் தேர்வுக்குப் போகலாம், ஆறு மாதம் செல்லும். பணம் பற்றாமல் ஒருவர் மட்டும்தான் இப்போது டிரைவிங் ஸ்கூலில் சேர முடியும் என்றால், முதலில் உங்கள் மனைவி சேரட்டும்.