பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு, விடுதியில் சேர்ந்திருக்கிறாள். பேனாவை எடுத்தால் "நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு" என்பதற்கு மேல் வரவில்லை.

பதில்: அதெல்லாம் போனில் சொல்வது. முதலில் ஒரு துண்டுச் சீட்டில், அவள் செய்ததில் உங்கள் கண்ணில் பட்ட ஐந்து காரியங்களைக் குறியுங்கள். அதில் ஆகச் சின்னதை எடுங்கள். "நீ பொறுப்பானவள்" என்பது மனதில் ஒட்டாது. "கிளம்பின அன்னைக்குப் பாட்டியோட மாத்திரை டப்பாவை நீயே நிரப்பி வச்சிருந்த. மத்தியானம்தான் பார்த்தேன்" என்பதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது, இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஏங்குகிற பிள்ளை அது.

கேள்வி: பாராட்டித்தான் எழுதினேன். பையன் முகம் சுருங்கிவிட்டது.

பதில்: கடிதத்தில் "ஆனால்" இருக்கிறதா பாருங்கள். "அருமையாக வரைகிறாய், ஆனால் கணக்கில்…" என்றால் பின்பாதிதான் அவனுக்கு நிற்கும். அக்காவோடு ஒப்பிட்டிருந்தால் அதுவும் போகட்டும். புத்திமதியை வேறொரு நாள் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி: கோபத்தில் அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாமா?

பதில்: தாராளமாக. நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். "செவ்வாய்க்கிழமை உன்னை அடிச்சேன். அது என் தப்பு" என்று நேராக எழுதுங்கள். "நீ எதிர்த்துப் பேசினதாலதான்" என்று ஒட்டுப் போட்டால் பழி அவன் மேலேயே திரும்பிவிடும். அடுத்த முறை கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள், உங்களால் முடிந்ததை மட்டும். "மன்னிச்சிட்டியா?" என்று பதில் கேட்டு நெருக்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு எழுத வராது.

பதில்: பேசச் சொல்லிப் போனில் பதிவு செய்து, அப்படியே எழுதிக்கொடுங்கள். அவருடைய "கண்ணு"வை "அன்பு மகனே" என்று திருத்திவிடாதீர்கள், பிள்ளைக்கு அது அப்பா மாதிரியே இருக்காது.

கேள்வி: எட்டு வயது, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

பதில்: ஐம்பது அறுபது சொல், பேச்சுத் தமிழ், வரிக்கு ஒரு வாக்கியம், பெரிய எழுத்து.

கேள்வி: மகளுக்கு இப்போது 2 வயது. 18ஆம் பிறந்தநாளில் கொடுக்க எழுதி வைக்கிறேன். தாள் கெடாமல் இருக்குமா?

பதில்: மட்டமான நோட்டுத் தாள் பழுத்து நொறுங்கும். அமிலமில்லாத தாள் கேட்டு வாங்குங்கள். சாதாரண மைப்பேனா மை ஈரம் பட்டால் பரவும், வெளிச்சத்தில் வெளுக்கும். கறுப்புப் பிக்மென்ட் மை, அதாவது நிறமித் துகள் கலந்த மை, நிற்கும். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. குண்டூசி துருப்பிடிக்கும், செலோடேப் மஞ்சள் கறை விடும். மடிப்பில்தான் முதலில் கிழியும் என்பதால் மடிக்காமல் பெரிய உறையில் வையுங்கள். வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படமும் சேர்த்து வைப்பதாக இருந்தால் உடனே நகல் எடுங்கள்: வெப்பத்தாளில் (மையில்லாமல் சூட்டில் அச்சாகும் தாள்) அச்சான படம் மங்கிவிடும். பரணில் வேண்டாம், அங்கே சூடும், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் உண்டு. உறை இருக்குமிடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.