கணக்கை மகளிடம் சொல்லுங்கள், தம்பி

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிங்கப்பூரிலிருந்து பேசியதில் ஒரு பேச்சு மட்டும் மூன்று முறை வந்தது. “நான் பட்ட கஷ்டம் அவ படக் கூடாது டீச்சர்.” மகள் ஓ லெவல் (நம்ம ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதி முடித்ததும் தஞ்சாவூருக்குக் கூட்டி வந்து பிளஸ் ஒன் சேர்த்து, கூடவே நீட் கோச்சிங்கிலும் போட வேண்டும் என்பது உங்கள் திட்டம். அவளோ அங்கேயே பாலிடெக்னிக்கில் உணவு அறிவியல் டிப்ளமோ படிக்கிறேன் என்கிறாள். “சமையல் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று உங்கள் மனைவி அழுதிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து உங்கள் அப்பா வேறு போன் செய்யும்போதெல்லாம் “பேத்தி எப்பப்பா டாக்டருக்குப் படிக்க வருது?” என்று கேட்கிறார்.

எந்தப் படிப்பு என்பது ஒரு கேள்வி. வீட்டில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் உங்கள் வீட்டில் பேச்சு எடுத்தாலே சண்டையாகிறது. முதல் கேள்விக்கு விவரம் தெரிந்தால் போதும். அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நீங்கள் சொல்லும் அந்தக் கஷ்டம் என்ன என்று மகளுக்குத் தெரியுமா? ஏஜெண்டுக்குப் பணம் கட்ட உங்கள் அம்மாவின் நகை அடகுக்குப் போனது, கப்பல் பட்டறையில் வெயிலில் நின்ற முதல் வருடங்கள், தங்கை கல்யாணக் கடன், அது அடைந்த வருடமே வீடு கட்ட வாங்கிய கடன். என்னிடம் எல்லாவற்றையும் சொன்னீர்கள். மகளிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் சின்னப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர்” என்றீர்கள். தம்பி, கடன் இருக்கிறது என்று தெரிந்து, எவ்வளவு என்று தெரியாத பிள்ளை அதை மலையாக நினைத்துக்கொள்ளும். டாக்டர் ஆனால்தான் அடையும் என்று நினைத்து மூச்சுத் திணறும். இல்லையென்றால், எப்படியும் அடைக்க முடியாது என்று மனதளவில் விலகிப் போய்விடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

முன்பு ஒருமுறை, மஸ்கட்டில் வளர்ந்து, பதினொன்றாம் வகுப்புக்கு இங்கே வந்த ஒரு பையனை அவன் பெற்றோர் என்னிடம் கூட்டி வந்தார்கள். நல்ல மதிப்பெண். அவர்கள் டாக்டர் என்றார்கள், நானும் சரி என்று திட்டம் போட்டுக் கொடுத்தேன். அவனிடம் தனியாகப் பத்து நிமிடம்கூட நான் பேசவில்லை. இரண்டு வருடக் கோச்சிங்குக்குப் பிறகு அவன் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். பிற்பாடு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னான்: “பிடிக்கலன்னு சொன்னா அப்பா சம்பாதிச்சதெல்லாம் வீணுன்னு ஆயிடும்னு பயந்தேன் மிஸ்.” அந்தப் பயத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் யாரும் எதுவும் பேசாததால் அவனே அப்படிப் புரிந்துகொண்டான். அன்றிலிருந்து பிள்ளையிடம் தனியாகப் பேசாமல் நான் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். “அவ சிங்கப்பூர்ப் புத்தியில பேசுறா, நம்ம வழக்கம் தெரியல.” இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரில் ‘கியாசு’ என்ற சொல்லை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஹொக்கியன் சீனச் சொல், தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்று பொருள். உங்கள் மகளின் சீன வகுப்புத் தோழி வீட்டிலும் டியூஷன்மேல் டியூஷன், அவளுடைய அம்மாவும் டாக்டர், வக்கீல் என்றுதான் பேசுவார். அங்குள்ள கல்வி அமைச்சே இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் 2021ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் முறையை மாற்றியது, அரையாண்டுத் தேர்வுகளையும் எடுத்தது. நாம் ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்கிறோம், அவர்கள் கியாசு என்கிறார்கள். ஆகவே இது நம் வழக்கத்துக்கும் வெளிநாட்டுப் பழக்கத்துக்கும் நடக்கிற சண்டை இல்லை. கஷ்டப்பட்டு மேலே வந்த குடும்பம் மறுபடி கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பதறுவது. அதை வழக்கம் என்ற பெயரில் சொன்னால் மகள் நம் வழக்கத்தையே வெறுப்பாள்.

அவள் நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்துப் படித்தவள். லீவுக்கு இங்கே வந்தால் அவள் பேசுகிற தமிழை அத்தை பிள்ளைகள் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள், ‘சிங்கப்பூர்க்காரி’ என்கிறார்கள். போன வருடம் உங்கள் வீட்டுத் திண்ணையில் நானே பார்த்தேன். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பாட்டியோடு உட்கார்ந்து மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டு, ஏன் உப்பு இவ்வளவு, ஏன் மூன்று நாள் வெயில், ஒரு நாள் போதாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டிக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் சந்தோஷம். உணவு அறிவியல் என்று அவள் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கொல்லைப்பக்கம்தான்.

சரி, இப்போது படிப்பு விவரம்.

ஓ லெவல் முடிவு ஜனவரியில் வரும். வந்த சில நாட்களுக்குள் பாலிடெக்னிக்குக்கோ, நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரியான ஜூனியர் காலேஜுக்கோ இணையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். இங்கே பிளஸ் ஒன் தொடங்குவது ஜூனில். எனவே ஜனவரி விண்ணப்பத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே இடம் கிடைத்த பிறகும் யோசிக்கலாம், இடமே இல்லாமல் யோசிக்க முடியாது.

பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். அதில் சேர்ந்தால் நீட் வழி ஏறக்குறைய அடைபடும் என்பதை அவளும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஜூனியர் காலேஜ் போனாலும் இந்த மூன்றையும் எடுத்தால்தான் இங்கே பயன்படும். டிப்ளமோவுக்குப் பிறகு அங்கேயே பல்கலைக்கழகம் போகலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே உணவு அறிவியல் பட்டம் இருக்கிறது. நிரந்தரவாசிகள் அரசின் கட்டண மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து 3 வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம் என்று ஒப்பந்தம் போட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் குடும்பமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

இங்கே வருவதானால் பிளஸ் ஒன்னில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுங்கள். தூய உயிரியல் குரூப்பில் சேர்த்துவிட்டால் நீட் தவறும்போது பொறியியலும் இருக்காது, உணவுத் தொழில்நுட்பமும் இருக்காது. உங்கள் ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பிடச் சான்று, சாதிச் சான்று வேலைகளை டிசம்பர் லீவிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்த பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் இதில்தான் இழுபறி ஆகும்.

குடியுரிமை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு மனுச் செய்யலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அவள் இந்திய பாஸ்போர்ட்டை விட்டு ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) மாறினால், 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி இங்கே நீட், ஜே.இ.இ. சேர்க்கையில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களில்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என ஒதுக்கிய இடம் கிடைக்காது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களைத்தான் 2023ல் உச்ச நீதிமன்றம் இதிலிருந்து காப்பாற்றியது. அப்பாவின் நிலமும் உங்கள் மனதில் இருக்கும். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வருவதைப் பெறலாம். ஆகவே மகள் இங்கே டாக்டராக வேண்டும் என்பதும், இப்போதே குடியுரிமை மாறவேண்டும் என்பதும் ஒன்றோடொன்று இடிக்கும். இரண்டில் எது முக்கியம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி, சமையல் படிப்பு என்கிற பேச்சு. இதில் உங்கள் அப்பாவிடம் நானே பேசலாம் என்று இருக்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் சுலபம். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்ளும். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவைப்பார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, ரோட்டில் கொட்டிக் காயவைத்து, முளைவிடுவதற்குள் எப்படியாவது போட்டுவிட வேண்டுமே என்று அவர் எத்தனை வருடம் அல்லாடியிருப்பார். அந்த ஈர நெல்லை என்ன செய்வது என்பதற்காகத்தான் 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார்கள். அதுவே வளர்ந்து தஞ்சாவூர் வந்து, 2021ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகியிருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் நிஃப்டெம், உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம். பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் அங்கே இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் மூலம் சேர்க்கை. மகள் சிங்கப்பூரில் படித்தாலும் இங்கே படித்தாலும் தொடப்போவது தாத்தாவின் கவலையைத்தான். தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற ஊரில் வளர்ந்தவள், நெல் விளைகிற ஊரின் பேத்தி. இரண்டு பக்கமும் அவளுக்குத் தெரியும். இந்தத் துறையில் அது பெரிய பலம் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

ஆனால் பூசி மெழுகவும் விரும்பவில்லை. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆலையில் தரக்கட்டுப்பாடு என்றால் ஷிஃப்ட் வேலை. மேற்படிப்போ நல்ல ஆய்வுக்கூட அனுபவமோ சேர்ந்த பிறகுதான் கை நிமிரும். இதையும் அவளிடம் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் பேசும்போது எம்.எஸ். சுவாமிநாதனைப் பற்றிச் சொல்வேன். 1925ல் கும்பகோணத்தில் பிறந்தவர், டாக்டர் மகன். பையனும் டாக்டர் ஆவான் என்றுதான் குடும்பம் எதிர்பார்த்தது. 1943 வங்கப் பஞ்சம் அவர் மனதை மாற்றி விவசாயம் படிக்க வைத்தது. பிறகு ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வாகியும் போகாமல் நெதர்லாந்துக்கு மரபியல் படிக்கப் போனார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், அமெரிக்காவில் ஆராய்ச்சி. அங்கேயே வேலை கொடுத்தும் 1954ல் திரும்பி வந்தார். பிள்ளை விருப்பப்படி விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டார் ஆசைக்கு எதிராக நின்றபோது அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அதைக் கேட்டால் யாருக்கும் புரியும். உங்கள் மகளிடமும் அப்படி ஒரு காரணம் இருக்கிறதா, இல்லை நீட்டுக்குப் பயந்து தப்பிக்கிறாளா, தோழி சேர்கிறாள் என்று சேர்கிறாளா? எனக்கே தெரிய வேண்டும். இரண்டாவதோ மூன்றாவதோ என்றால் உங்கள் பக்கம் நின்று பேசுவேன்.

அதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். தேர்வு முடிந்த வாரத்தில் ஒருநாள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்புகிறீர்கள், அவள் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்க முடியும், எந்த வயதுவரை அங்கே வேலை பார்க்க நினைக்கிறீர்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பாட்டி நகையைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “இதில் உன்னால் அடைக்க வேண்டியது எதுவும் இல்லை” என்பது உண்மையானால் அப்படியே சொல்லுங்கள். உண்மை இல்லையென்றால், அவளிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தொகையாகவே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தொகையைத் தாங்கிக்கொள்வார்கள். டாக்டர் என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் மனைவியிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் தன்னை விட்டுவிட்டுப் பேசிவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

டிசம்பர் முழுக்க நான் ஊரில்தான் இருக்கிறேன், மாலை 4 மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். அவளை முதலில் தனியாக அனுப்புங்கள். நீங்கள் இருவரும் ஒரு அரை மணி கழித்து வந்தால் போதும். பெரியவரையும் கூட்டி வாருங்கள், அவருக்குச் சர்க்கரை இல்லாமல் காபி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்