பைலட் ஏறிவிட்டார், இனி நமக்கு என்ன வேலை?

தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தேர்டு ஆஃபீசராக, அதாவது கேப்டனுக்குக் கீழே முறைபோட்டுக் காவல் (வாட்ச்) பார்க்கும் இளம் அதிகாரியாக, அவருக்கு இது முதல் கப்பல். நிலக்கரியோடு மேற்கு வங்கத்தின் ஹால்தியா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். துறைமுகத்தை நெருங்கும்போது உள்ளூர் நீர்வழி தெரிந்தவர் ஒருவர் வழிகாட்டக் கப்பலில் ஏறுவார், அவர்தான் பைலட். கப்பலை நடத்தும் அறைதான் பிரிட்ஜ். அவர் கேட்பது இது: "போன துறைமுகத்தில் பைலட் ஏறியதும் பிரிட்ஜே அமைதியாகிவிட்டது. எல்லா ஆர்டரும் அவரே கொடுத்தார். கேப்டனும் பேசவில்லை. ஒரு திருப்பத்தில் கப்பல் அளவுக்கு மீறித் திரும்புவது போல எனக்குத் தோன்றியது. சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பைலட் இருக்கும்போது என் வேலை என்ன? அவர் தவறு செய்கிறார் என்று தோன்றினால் நான் வாய் திறக்கலாமா?"

திறக்கலாம். திறக்கத்தான் வேண்டும். இது என் சொந்தக் கருத்து இல்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் சான்றிதழுக்கு அடிப்படையான எஸ்டிசிடபிள்யூ விதித்தொகுப்பை, அதாவது மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் பற்றிய சர்வதேச விதிகளை, எடுத்துப் பாருங்கள். பைலட் கப்பலில் இருப்பதால் கேப்டனுக்கோ வாட்ச்சில் இருக்கும் ஆஃபீசருக்கோ கப்பலின் பாதுகாப்பில் உள்ள கடமை நீங்கிவிடாது. பைலட்டின் நோக்கம் புரியவில்லை என்றால் முதலில் அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் உடனே கேப்டனிடம் சொல்ல வேண்டும். கேப்டன் பிரிட்ஜில் இல்லாவிட்டால், அவர் வந்து சேரும் வரை தேவையானதை நீங்களே செய்ய வேண்டும். பனாமா கால்வாய் ஒரு விதிவிலக்கு, அங்கே கப்பலை நடத்தும் பொறுப்பு பைலட்டின் கைக்கே போகிறது. மற்றபடி ஏறக்குறைய எல்லா இடத்திலும் கப்பல் கேப்டனுடையதுதான்.

அப்படியானால் பைலட் எதற்கு? நீங்கள் போகும் ஹூக்ளி ஆறே இதற்கு நல்ல பதில். கடலிலிருந்து கொல்கத்தா வரை பைலட்டோடு போகும் தூரம் சுமார் 220 கிலோமீட்டர், ஹால்தியா வரை சுமார் 120. கங்கை கொண்டுவரும் வண்டலில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் மேடாகியிருக்கும், வழிகாட்டும் மிதவைகளான போயாக்களையும் அதற்கேற்ப நகர்த்துவார்கள். ஓதத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு டிராஃப்ட் (நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) உள்ள கப்பல் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே அந்த ஆற்றுக்கென்று தனியாகப் பைலட்டுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் கேப்டன் உலகத்தையே சுற்றியவராக இருக்கலாம். ஆனால் நேற்று அந்தத் திட்டு எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

அதே நேரம் பைலட்டுக்குத் தெரியாதது ஒன்று உண்டு, அது உங்கள் கப்பல். அவர் ஏறி இருபது நிமிடம்தான் ஆகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் தகராறு உண்டா, சுக்கானை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்ப எத்தனை நொடி ஆகும், ஜைரோ திசைகாட்டியில் எத்தனை டிகிரி பிழை, எந்த ரேடார் மங்கல், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆற்றைத் தெரிந்தவரும் கப்பலைத் தெரிந்தவரும் பேசிக்கொண்டால்தான் அந்தக் கப்பல் பத்திரமாகப் போகும். பைலட் ஏறியதும் கேப்டனும் அவரும் தகவல் பரிமாறிக்கொள்வது இதற்காகத்தான். கப்பலின் விவரங்கள் எழுதிய பைலட் கார்டில் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

2007 நவம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். காஸ்கோ பூசான் என்ற கன்டெய்னர் கப்பல் அடர்ந்த மூடுபனியில் பைலட்டோடு கிளம்பி, பே பிரிட்ஜ் என்ற பாலத்தின் ஒரு தூணை உரசிச் சென்றது. விலாவில் கிழிந்த ஓட்டை வழியாக 53,500 கேலன், அதாவது இரண்டு லட்சம் லிட்டர் எரிபொருள் எண்ணெய் விரிகுடாவில் கொட்டியது. பைலட் உட்கொண்டுவந்த மருந்துகளால் அவருடைய கவனம் குறைந்திருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. அதோடு விசாரணை நிற்கவில்லை. புறப்படும் முன் கேப்டனும் பைலட்டும் முழுமையாகப் பேசிக்கொள்ளவில்லை. மின்வரைபடத்தில், அதாவது திரையில் காட்டும் கடல் வரைபடத்தில், இருந்த குறியீடுகளின் பொருள் பைலட்டுக்குத் தெளிவாக இல்லை. கேப்டனும் அவர் போக்கைச் சரியாகக் கண்காணிக்கவில்லை. அந்தப் பிரிட்ஜில் ரேடார் இருந்தது, மின்வரைபடம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். "இந்தத் திசையில் போனால் தூண் வரும்" என்று உரிய நேரத்தில் சொல்லத்தான் ஒரு குரல் இல்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பைலட் "போர்ட் டென்" (சுக்கான் இடப்பக்கம் பத்து டிகிரி) என்கிறார், சுக்கானைப் பிடித்திருக்கும் சுக்கானி அதைத் திருப்பிச் சொல்கிறார். சொன்னது சரியாக இருக்கும், ஆனால் கை மறுபக்கம் சுற்றியிருக்கலாம். களைத்துப்போன யாருக்கும் இது நடக்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்கள் கண் சுக்கான் காட்டியில் இருக்க வேண்டும். எஞ்சின் ஆர்டர் என்றால் ஆர்பிஎம் காட்டியில். முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறம் இடக்குறிப்பு. ஜிபிஎஸ் காட்டும் புள்ளியை மட்டும் நம்பாமல் ரேடார் தூரம், கண்ணால் எடுத்த பேரிங் (ஒரு பொருள் தெரியும் திசை) இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். உங்கள் பயணத்திட்டம் பைலட் ஏறும் இடத்தோடு முடியக் கூடாது, கப்பல் கட்டும் இடமான பெர்த் வரை கோடு போட்டிருக்க வேண்டும். பைலட் அந்தக் கோட்டிலிருந்து விலகினால் பெரும்பாலும் அதற்கு நல்ல காரணம் இருக்கும். ஆனால் கோடே இல்லாவிட்டால் அவர் விலகியதே உங்களுக்குத் தெரியாது.

வேகத்தையும் கவனியுங்கள். ஆழம் குறைந்த நீரில் கப்பல் ஓடும்போது கீழே அமுங்கும், இதை ஸ்குவாட் என்போம். திறந்த ஆழமற்ற நீரில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: பிளாக் கோஎஃபிஷியன்டை (கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு பெட்டி வடிவம் என்பதைச் சொல்லும் எண்) நாட் கணக்கிலான வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் மீட்டரில் விடை வரும். அந்த எண் 0.8 உள்ள பல்க் கேரியர் 12 நாட் வேகத்தில் போனால் சுமார் 1.15 மீட்டர் அமுங்கும், 6 நாட் வேகத்தில் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. குறுகிய கால்வாயில் இது இரண்டு மடங்காகும். உங்கள் கப்பலுக்கான எண்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடையே உள்ள நீர் குறையும்போது பைலட்டிடம் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

இனி எப்படிச் சொல்வது என்பது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருபத்திரண்டு வயதில், நரைத்த தலைப் பைலட்டின் முன்னால் நாக்கு எழாமல் நின்றது எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. பின்னாளில் நானே பைலட்டாகிப் பல கப்பல்களில் ஏறியபோதுதான் அந்தப் பக்கத்துக் கஷ்டம் புரிந்தது. வாய் திறக்காத பிரிட்ஜில் நிற்பதுதான் பைலட்டுக்கு மிகப் பெரிய பயம். நான் பார்க்காததை யாராவது பார்த்தால் சொல்வார்களா என்பதே தெரியாது. அதனால் தயங்காதீர்கள். "தவறு" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள். "பைலட் சார், திரும்பும் வேகம் நிமிடத்துக்கு 15 டிகிரி, இன்னும் கூடுகிறது." "பைலட் சார், கோட்டுக்கு வலதுபுறம் 60 மீட்டர்." இதில் யார் மனமும் புண்படாது, அவருக்கும் உடனே பயன்படும். உங்கள் திருப்பத்தில் அன்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். அவரிடமிருந்து பதில் வராவிட்டால் அடுத்த நொடியே கேப்டனிடம் சொல்லுங்கள், சத்தமாக.

பிரிட்ஜில் எல்லாரும் ஒன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் டாலி என்ற கப்பல் மின்சாரம் போய்ப் பாலத்தை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. அதில் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், இரண்டு பைலட்டுகள் இருந்தார்கள். சில நிமிடங்கள்தான் இருந்தன. பைலட்டுகள் நங்கூரம் போடச் சொன்னார்கள், பாலத்தை மூடச் சொல்லிக் கரைக்கும் தகவல் அனுப்பினார்கள். காவல்துறை போக்குவரத்தை நிறுத்தியது. கப்பல் மோதிப் பாலம் இடிந்ததில் அதன் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள், அந்தத் துயரம் மாறாது. ஆனாலும் அந்த எச்சரிக்கையால் வாகனங்களில் வந்த எத்தனையோ பேர் தப்பினார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தேர்டு ஆஃபீசரின் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பைலட் படகிலிருந்து ஏறிவரும் கயிற்றேணி. 2019 டிசம்பரில் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே நீண்ட அனுபவமுள்ள ஒரு பைலட் கப்பலில் ஏறும்போது விழுந்து இறந்தார். பைலட்டின் உயிர் தொங்குவது 18 மில்லிமீட்டர் கயிற்றில். ஒருமுறை ஒரு கப்பலில் பார்க்கப் புதிது போலிருந்த ஏணியில் கால் வைத்தேன், பக்கக் கயிறு படிக்கட்டைக்கு அடியில் உக்கிப் போயிருந்தது. இரண்டாவது படியிலேயே தெரிந்ததால் படகுக்குத் திரும்பிவிட்டேன். பெயின்ட் அடித்த ஏணியை நம்பவே நம்பாதீர்கள், பெயின்ட் வெடிப்பை மறைக்கும்.

கட்டும்போது நீங்களே நின்று பாருங்கள், போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) கட்டிவிட்டார் என்ற வார்த்தை போதாது. பக்கக் கயிறுகளை டெக்கில் உள்ள உறுதியான கண்ணிகளில் ரோலிங் ஹிட்ச் என்ற முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஏணியின் பாரம் ஒரு படியிலோ கைப்பிடிக் கம்பியிலோ விழக் கூடாது. அடியில் உள்ள நான்கு படிகள் ரப்பராக இருக்க வேண்டும். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் நீளப் படிகள் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. அருகில் விளக்கோடு லைஃப்போயா, எறிகயிறு, இரவென்றால் கண்ணைக் கூசாத வெளிச்சம். பிரிட்ஜோடு பேச வாக்கிடாக்கியோடு ஒரு ஆஃபீசர் அங்கேயே நிற்க வேண்டும், அது நீங்கள்தான்.

ஹால்தியாவுக்குச் சரக்கோடு போகும்போது டெக் நீருக்குப் பக்கத்தில் இருக்கும், ஏணி மட்டும் போதும். நிலக்கரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கப்பல் உயர்ந்து நிற்கும். நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தால் கப்பலின் பக்கத்தில் இறக்கும் படிக்கட்டான கேங்வேயையும் ஏணியையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும், கேங்வேயின் சரிவு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதை இருட்டில், கடல் ஆடும்போது முதல்முறையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். பெர்த்தில் இருக்கும்போதே கடல் பக்கம் ஒருமுறை இறக்கி, கயிறுகளைப் பார்த்து, அளந்து வைத்துவிடுங்கள்.