பழைய பாடத்திட்டமா, புதியதா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எம்.பி.ஏ.வில் இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டேன். எங்கள் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டு முதல் இந்தப் படிப்பையே மாற்றியமைக்கிறது. கட்டாயப் பாடங்கள் குறைந்து விருப்பப் பாடங்கள் கூடுகின்றன. டேட்டா அனலிட்டிக்ஸ் புதிதாக வருகிறது. கடைசி ஆறு மாதம் முழுக்க ஒரு நிறுவனத்தில் புராஜெக்ட். ஏற்கெனவே படிப்பவர்கள் பழைய திட்டத்திலேயே முடிக்கலாம், இல்லையென்றால் புதியதற்கு மாறலாம். மாறினால் ஒரு செமஸ்டர் கூடலாம் என்கிறார்கள்.

எனக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் ஒரு சப்ளி (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாள்) இருக்கிறது. புதிய திட்டத்தில் அந்தப் பாடம் கட்டாயமில்லை. அதனால் மாறிவிடு என்று தோழிகள் சொல்கிறார்கள். பழைய பட்டத்துக்கு மதிப்பு குறைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அப்பா தேங்காய் வியாபாரம் செய்கிறார். படிப்பு முடிந்ததும் அவரோடு சேர ஆசை. வங்கிக் கடனில்தான் படிக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மணிக்கு,

மாற வேண்டாம். பழைய திட்டத்திலேயே முடியுங்கள். ஒரே ஒரு செமஸ்டரோடு நின்றுபோய் இப்போது திரும்பி வருகிற ஒருவர் கேட்டிருந்தால், தயங்காமல் மாறச் சொல்லியிருப்பேன். நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டவர்.

பல்கலைக்கழகங்கள் இப்போது படிப்புகளை மாற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டு இளங்கலை தொடங்கியது. நான்காம் ஆண்டையும் முடிக்கும் முதல் அணி 2028இல் வெளியே வரும். அவர்கள் ஓராண்டில் முதுகலை முடிக்க வழி செய்யும் பாடத்திட்டக் கட்டமைப்பை யு.ஜி.சி. 2024இல் வெளியிட்டது. எம்.பி.ஏ. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் கீழ் வருவதால் அதன் கதை கொஞ்சம் வேறு. ஆனாலும் எல்லாத் துறையும் பாடத்திட்டத்தைப் பிரித்துப் போட்டிருக்கும் நேரம் இது. உங்கள் பழைய திட்டம் மட்டம் என்று யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை. வேலைக்கு எடுப்பவர் பட்டத்தையும் மதிப்பெண்ணையும் பார்ப்பார், அப்புறம் உங்களோடு பேசிப் பார்ப்பார். எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

என்னை உறுத்தியது சப்ளி விஷயம்தான். ஓ.ஆர். (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) பாடத்திலிருந்து தப்பிக்க மாறுவதாக இருந்தால், உங்கள் அப்பாவின் தொழிலுக்கு மிக நெருக்கமான பாடத்தை விட்டு ஓடுகிறீர்கள். அதில் 'டிரான்ஸ்போர்ட்டேஷன் ப்ராப்ளம்' என்று, எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்று பார்க்கும் ஒரு பகுதி இருக்குமே, அதை உங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். கணக்குக்காக நானே சில எண்களைப் போடுகிறேன். அப்பாவிடம் கொழிஞ்சாம்பாறையில் 6 லோடும் வேலந்தாவளத்தில் 4 லோடும் இருக்கின்றன. காங்கேயத்துக்கு 5 லோடு, பொள்ளாச்சிக்கு 5 லோடு போக வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து லாரி வாடகை காங்கேயத்துக்கு 9,000 ரூபாய், பொள்ளாச்சிக்கு 4,000. வேலந்தாவளத்திலிருந்து காங்கேயத்துக்கு 8,000, பொள்ளாச்சிக்கு 5,000.

வேலந்தாவளத்துச் சரக்கைப் பொள்ளாச்சிக்கு அனுப்பத்தான் யாருக்கும் முதலில் தோன்றும், வாடகை குறைவல்லவா? அப்படி அனுப்பினால், மிச்சத்தைக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொடுத்து மொத்தம் 69,000 ரூபாய் ஆகும். அந்த 4 லோடையும் வாடகை கூடுதலான காங்கேயத்துக்கே அனுப்பிப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து காங்கேயத்துக்கு ஒன்று, பொள்ளாச்சிக்கு ஐந்து. மொத்தம் 61,000. ஒரு நடையில் 8,000 ரூபாய் மிச்சம்! வோகல் முறை என்று நீங்கள் மனப்பாடம் செய்து மறந்தது இதைத்தான் கண்டுபிடித்துத் தருகிறது. இரண்டு இடத்துக்கு அப்பா மனக்கணக்காகவே போட்டுவிடுவார். ஐந்து தேங்காய்க் களம், ஏழு எண்ணெய் ஆலை என்று வரும்போது உங்கள் படிப்பு அவருக்கு வேண்டும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் எம்.காம். படித்தபோது இதேபோல் பாடத்திட்டம் மாறியது. எழுதிய தாள்கள் எல்லாம் செல்லும் என்று அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். நம்பி மாறினேன். இரண்டு தாள்களுக்குப் புதிய திட்டத்தில் ஈடான பாடம் இல்லை என்று மூன்றாம் செமஸ்டர் நடக்கும்போதுதான் தெரிந்தது. அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு தாள்கள் எழுதி முடிப்பதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. வீட்டில் தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வருடம் அது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

அதனால் நீங்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பழைய பாடத்துக்கு எந்தப் புதிய பாடம் ஈடு என்ற பட்டியலை வாங்குங்கள். மாறுபவர்களுக்கு மதிப்பெண்ணும் சேர்ந்து வருமா, வெறும் கிரெடிட் (பாடம் முடித்ததற்கான புள்ளி) மட்டும் வருமா என்று பாருங்கள், மொத்தச் சராசரியான சி.ஜி.பி.ஏ. அதில்தான் அடிபடும். பழைய திட்டத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, அந்தத் தாள்களுக்கு இன்னும் எத்தனை முறை தேர்வு நடத்துவார்கள் என்பது. பழைய திட்டத்துக்குக் காலக்கெடு வைப்பார்கள், அதற்குள் சப்ளியை முடித்தாக வேண்டும். அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். 2021இல் வந்த ஏற்பாடு அது, கிரெடிட் ஏழு ஆண்டு வரை செல்லும், நல்ல விஷயம்தான். ஆனால் வங்கியில் கிடப்பதாலேயே அதை எந்தப் படிப்பும் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதில்லை.

கடன் விஷயத்தையும் மறக்காதீர்கள். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு செமஸ்டர் நீண்டால் வங்கிக்குத் தெரிவித்து, காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஆறு மாதத்துக்குப் படிப்புக் கட்டணமும் விடுதிச் செலவும் தனி.

சரி, புதிய திட்டத்தில் நல்லது எதுவும் இல்லையா என்றால், உண்டு. அனலிட்டிக்ஸ் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். பழைய திட்டத்தின் விருப்பப் பாடத்தில் அது இல்லையென்றால் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படிக்கலாம். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை அப்படிப் படித்ததைப் பல்கலைக்கழகம் கணக்கில் சேர்த்துக்கொள்ள 2021 விதி இடம் தருகிறது. துறைத்தலைவரிடம் முன்அனுமதி வாங்கிவிட்டுச் சேருங்கள்.

ஆறு மாதப் புராஜெக்ட் என்பது எனக்கும் பிடித்திருக்கிறது. பழைய திட்டத்தின் புராஜெக்ட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை அப்பாவின் களத்திலேயே செய்யுங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து கேரள எல்லையில் உள்ள வாளையாறு வரிச் சாவடியில் லாரி காத்துக்கிடந்தது நின்றபோது இந்த எல்லை வியாபாரிகளின் கணக்கு எப்படி மாறியது என்று முறையாக யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகள் பரணில் இருந்தால் எடைக்குப் போட விடாதீர்கள். ஒரு வருடத்து நோட்டை எடுத்து லோடு, வாடகை, போன இடம் மூன்றையும் முதலில் எக்செல்லில் ஏற்றுங்கள்.

ஓ.ஆர். தேர்வுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு பாலக்காட்டுச் சித்தூரில் என் வீட்டுக்கு வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.